செம்மண் ஓட்டம் – 14: ரெண்டு தடவை சொன்ன வார்த்தை

சுரைக்குடுக்கையை ஜெசாங் புறங்கையால் தள்ளிவிட்டாள்.

தள்ளியது மெதுவாகத்தான். ஆனால் தள்ளிய இடம் எல்டோரெட் விமான நிலைய வாசல். பார்த்துக்கொண்டு நின்றது பாதி ஊர். வரவேற்புப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெண்களின் குரல் பாதி அடியில் அறுந்தது. கரி தடவிய குடுக்கையிலிருந்து புளித்த பால் தளும்பி, அம்மா செலினாவின் புது மஞ்சள் கவுனில் சாம்பல் நிறத்தில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது.

"குடி," என்றாள் செலினா, பல்லைக் கடித்துக்கொண்டு. முகத்தில் சிரிப்பு மட்டும் மாறவில்லை. எதிரே கேமரா இருந்தது.

"ஜெயிச்சவளுக்குக் குடும்மா. நான் நாலாவது."

"டீமுக்குத் தங்கம் வந்திருக்குடி. ஓடின அத்தனை பேருக்கும் இந்தப் பால் உண்டு."

"என் பங்கையும் அவளுக்கே ஊத்து. எடுத்துக்கிட்டுப் பழக்கம்தானே அவளுக்கு."

'அவள்', அக்கா தெக்லா. இரண்டடி தள்ளி, கழுத்தில் பச்சைக் கொடிமாலையும் வெள்ளிப் பதக்கமுமாக நின்றிருந்தாள். மீசை மாதிரி ஒட்டியிருந்த பாலைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். விமானத்திலும் அப்படித்தான். ஜன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்தாள், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாள், பக்கத்து இருக்கையில் இருந்த தங்கையை மட்டும் பார்க்கவில்லை.

போன அத்தியாயத்தில் நடந்ததை நாம் ஒரு முறைதான் பார்த்தோம். ஜெசாங்குக்கு அது இன்னும் நடந்து முடியவில்லை.

ஐரோப்பாவில், காலை உறிஞ்சி இழுக்கும் சேற்றில், உலக ஜூனியர் பெண்கள் கிராஸ் கன்ட்ரி ஓட்டம். கடைசிச் சுற்று. கடைசி மேடு. ஜெசாங்குக்கு முன்னால் யாரும் இல்லை. பின்னால் இரண்டு மூச்சு. ஒன்று எத்தியோப்பியப் பெண்ணுடையது. இன்னொன்றை அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்த மூச்சு. திடீரென்று ஜெசாங்கின் குதிகால் மேல் ஆணி வைத்த காலணி ஒன்று இறங்கியது. அதே நொடி, அக்காவின் குரல்.

"போலே, போலே!"

சுவாஹிலியில் ஒற்றையாய்ச் சொன்னால் 'மன்னிச்சுக்கோ'. இரட்டையாய்ச் சொன்னால் 'மெதுவா'.

ஜெசாங் மெதுவாகப் போனாள். பின்னாலிருந்து மூத்தவள் குரல் கொடுத்தால் காரணம் கேட்காதே என்று முகாமில் ஊட்டி வளர்த்திருந்தார்கள். அக்கா ஏதோ திட்டம் வைத்திருக்கிறாள், சேர்ந்து பாயப் போகிறோம் என்று நினைத்தாள். எத்தியோப்பியப் பெண் அவளைத் தாண்டிப் பறந்தாள். அடுத்து அக்கா தாண்டினாள், திரும்பிப் பார்க்காமல். அதற்கடுத்து யாரென்றே தெரியாத ஒருத்தி.

போனது பதக்கம் மட்டும் என்றால் அழுது தீர்த்திருப்பாள். முகாமுக்கு வந்திருந்த லாபான், வெளிநாட்டு டீமுக்கு ஓட்டக்காரிகளைத் தேடிப் பிடிப்பவர், ஓட்டத்துக்கு முன்னால் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். "ஜப்பான்ல ஒரு கம்பெனி டீம். ஒரே ஒரு இடம். உங்க ரெண்டு பேர்ல யார் முன்னாடி வர்றாளோ அவளுக்கு."

அந்த இடத்தை ஊரறியக் கொடுக்க, இன்று மத்தியானம் அவர் வீட்டுக்கே வருகிறார்.

*

பிக்கப் வண்டியின் பின்னால் தெக்லா பெண்களோடு நின்று கை ஆட்டிக்கொண்டு வந்தாள். ஜெசாங்கை அப்பா அராப் துவேய் பிடித்து முன் இருக்கையில் திணித்திருந்தார். தார் ரோடு முடிந்து செம்மண் ஆரம்பித்ததும் ஆரம்பித்தார்.

"மானத்தை வாங்கிட்டே."

"அவ என் இடத்தை வாங்கிட்டா. அது பரவாயில்லையா?"

"வாயைப் பாரு! மிதிச்சா, மன்னிப்புக் கேட்டா. வேற என்ன செய்யணும் அவ? ஓட்டத்தை நிறுத்திட்டு உக்காந்து உனக்கு மருந்து போடணுமா?"

"மன்னிப்புக் கேக்கலப்பா. மெதுவாப் போகச் சொன்னா."

"சொன்னா போயிருவியா? ஆத்துல குதின்னா குதிப்பியா?"

அந்தக் கேள்விதான் ஐரோப்பாவிலிருந்து ஜெசாங் கூடவே விமானம் ஏறி வந்திருந்தது. கோபத்தில் பாதி அக்கா மேல். மீதிப் பாதி, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்ட தன் சொந்தக் கால்கள் மேல்.

"பின்னாடி பாரு," என்றார் அப்பா, கண்ணாடியைக் காட்டி. "ஜனங்களைப் பாத்துக் கை ஆட்டிட்டு வர்றா. அவ பொண்ணு. நீயும் இருக்கியே, வயித்து வலிக்காரி மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டு."

"வண்டியை நிறுத்துங்க. நான் நடந்து வர்றேன்."

"நடந்து வந்தா நாலாவதாத்தான் வருவே."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கியரைத் தேவையில்லாமல் மாற்றினார். ஜெசாங் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சைப்ரஸ் வேலிகள் ஓடின. வேலியோரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் 'தெக்லா! தெக்லா!' என்று கத்திக்கொண்டு வண்டியோடு ஓடி வந்தார்கள்.

ஒரு குழந்தைகூட இவள் பெயரைச் சொல்லவில்லை.

*

வீட்டு முற்றத்தில் பந்தல். வாடகை நாற்காலிகள். அடுப்பில் ஆட்டுக்கறி. பெரிய கெட்டில்களில் பால் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. லாபானின் வெள்ளைக் கார் வந்து நின்றதும் கூட்டம் எழுந்தது.

ஒரு காலத்தில் நன்றாக ஓடியவர் லாபான். காதோரம் நரை, மேலே ஜப்பான் எழுத்துப் போட்ட ஜாக்கெட். பந்தலுக்குள் நுழையும்போது ஜப்பான் பழக்க தோஷத்தில் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். கூட்டம் சிரித்தது.

"போட்டுக்கோங்க சார், இங்கே கீழே இருக்கிறது மாட்டுச் சாணிதான்," என்றார் சித்தப்பா எசெக்கியேல். சர்ச்சில் பைபிள் வாசிப்பவர். வாசிக்காத நேரம் முழுக்க அடுத்தவர்களைச் சிரிக்க வைப்பதுதான் தொழில்.

லாபானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த வீட்டுப் பெரிய பொண்ணு..."

"ஒரு நிமிஷம்ப்பா."

ஜெசாங் எழுந்து நின்றிருந்தாள்.

"உக்காருடி," என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

"உக்கார மாட்டேன். அந்த இடம் என்னோடது. மேட்டுல நான் முன்னாடி போயிட்டிருந்தேன். இவ மெதுவாப் போகச் சொல்லிட்டு என்னைத் தாண்டிப் போனா. லாபான் சார் கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி இவ வாயால அதைச் சொல்லட்டும்."

பந்தல் சலசலத்தது. கறியைக் கிண்டிய கரண்டி நின்றது.

"என்ன வார்த்தை சொன்னா?" என்றார் லாபான்.

"போலே, போலே."

சித்தப்பாவுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆயிற்று. எழுந்து இரண்டு விரலை நீட்டினார். "ஆக, ஒரு போலேன்னா மன்னிப்பு. ரெண்டு போலேன்னா மெதுவா. மூணு போலே சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே, அங்கேயே படுத்துத் தூங்கியிருப்பியா?"

சிரிப்பு பந்தல் துணியைத் தூக்கியது. லாபான்கூடச் சிரித்தார்.

"பாவம், அக்காக்காரி பதறிப்போய் ரெண்டு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கா. இனிமே உன்கிட்ட ஒரு தடவைதான் கேக்கணும்னு எழுதி ஒட்டிடுவோம்!"

"தெக்லா," என்றார் அப்பா. "நீ சொல்லு. இதோட முடியட்டும்."

தெக்லா எழுந்தாள். பதக்கத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். "கால் பட்டுடுச்சு. மன்னிப்புக் கேட்டேன்." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

"கேட்டாச்சா?" என்றார் சித்தப்பா. "தீர்ப்பு முடிஞ்சுது. தேநீர் வரட்டும்."

அத்தனை முகத்திலும் ஒரே பரிதாபம். தோற்றுப்போன குழந்தை அடம்பிடிக்கிறதாம். அந்தப் பரிதாபத்துக்கு அறைந்தாலே தேவலை.

தேநீர் வந்தது. கெட்டிலோடு வந்த பக்கத்து வீட்டு அத்தை, நாற்காலிக் காலில் இடறிச் சித்தப்பாவின் தொடையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டாள்.

சித்தப்பா துள்ளிக் குதித்துக் கத்தினார். அத்தை பதறிப்போய், தன் துணியாலேயே துடைத்துத் துடைத்து மன்னிப்புக் கேட்டாள். யாரோ தண்ணீர் கொண்டு ஓடினார்கள். யாரோ அத்தையைத் திட்டினார்கள்.

ஜெசாங் மட்டும் அசையவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா கத்தியது வீட்டில் பேசும் கலெஞ்சின் மொழியில். அத்தை மன்னிப்புக் கேட்டதும் அதே மொழியில். திட்டியவர்களும் அப்படியே. சுடும்போதும் பதறும்போதும் இந்த ஊரில் ஒருத்தர் வாயிலும் சுவாஹிலி வரவில்லை. வராது. அது கடைத்தெருவுக்கு, போலீஸ்காரருக்கு, பஸ் கண்டக்டருக்கு. அப்புறம் முகாமில், பல ஊர்ப் பெண்களுக்கும் புரியவேண்டும் என்று, கோச் போடும் கட்டளைக்கு.

"அக்கா."

மூன்று நாளாக வராத அழைப்பு. தெக்லா தன்னையறியாமல் நிமிர்ந்தாள்.

"மண்வெட்டிக் காம்பால என் பல்லை உடைச்சியே, அப்போ என்கிட்ட மன்னிப்புக் கேட்டே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"கஞ்சிப் பானையை என் மேல கவுத்தப்போ?"

"கேட்டேன்."

"என் சிவப்பு ஸ்வெட்டரைத் தொலைச்சப்போ, என் கோழியை வித்தப்போ, கதவுல என் விரலை நசுக்கினப்போ?"

"ஏண்டி இப்போ அதெல்லாம்..."

"அதுல ஒரு தடவையாவது சுவாஹிலியில கேட்டிருக்கியா?"

சித்தப்பா தொடையைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"பொறந்ததுலேர்ந்து நீ என்கிட்ட மன்னிப்புக் கேட்டது அத்தனையும் நம்ம பாஷையில. நிஜமாவே பதறிப்போய் என் காலை மிதிச்சிருந்தா உன் வாயில அதுதானே வந்திருக்கும்? அன்னிக்கு மட்டும் எப்படி கோச்சோட பாஷை வந்துது? சொல்லு. முன்கூட்டியே யோசிச்சு வெச்ச வார்த்தைதானே அது?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கறி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது.

தெக்லா மறுபடி எழுந்தாள். "மிதிச்சது தெரியாமத்தான். சத்தியமா. ஆனா வார்த்தை..." நிறுத்தினாள். "வார்த்தை, சொல்லச் சொன்னாங்க."

"யாரு?"

தெக்லாவின் கண் தப்பித்து அடுப்படிப் பக்கம் ஓடியது.

கரண்டியோடு செலினா பந்தலுக்குள் வந்தாள். கவுனில் பால் கறை இன்னும் காயவில்லை.

"அவளை ஏன் மிரட்டுறே? நான்தான் சொன்னேன். முகாமுக்குக் கிளம்பற அன்னிக்கு, வாசல்ல நிக்க வெச்சுச் சொன்னேன். 'நீ மெதுவான்னா சின்னவ கேப்பா. முடியாத நேரம் வந்தா சொல்லிடு'ன்னு."

"செலினா!" அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"நீங்க பேசாதீங்க! இந்தத் தடவை பெரியவளுக்கு ஒண்ணும் அமையலைன்னா கட்டிக் குடுத்துடுவேன்னு அந்த மரக்கடைக்காரனுக்கு வாக்குக் குடுத்தது யாரு? பொண்ணுக்கு ஈடா அவன் தர்ற மாட்டைக்கூடப் போய்ப் பாத்துட்டு வந்தீங்களே, கொம்பு நல்லா இருக்குன்னு! இவளுக்கு இதுதான் கடைசி ஜூனியர் ஓட்டம். அடுத்த வருஷம் பெரிய பொம்பளைங்களோட கூட்டத்துல இவளை யார் தேடுவாங்க? சின்னவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கு." மகள் பக்கம் திரும்பினாள். "உனக்கு ரெண்டு வருஷம் இருக்குடி. அவளுக்கு அந்த மேடு மட்டும்தான் இருந்துது."

"அதுக்கு என் காலை ஏன் எடுத்துக் குடுத்தே?" ஜெசாங்கின் குரல் கீறியது. "என்கிட்ட கேட்டியா? வந்து உக்காந்து, 'ஜெசாங், அக்காவுக்கு விட்டுக் குடு'ன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்!"

"அதான் கேக்கல."

அம்மாவும் மகளும் மூச்சு வாங்க நின்றார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நாசி விடைத்திருந்தது. அப்பா யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கெட்டிலைத் திட்டினார்.

அப்போதுதான் லாபான் கை தட்டினார்.

"முடிவு பண்ணிட்டேன். எனக்குச் சின்னவதான் வேணும்."

பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு நிமிஷம் முன்னால் அவளைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள். ஜெசாங்கின் நெஞ்சுக்குள் ஏதோ எழும்பியது. ஜெயித்துவிட்டோம். உண்மை வெளியே வந்தது, இடம் கைக்கு வந்தது.

"ஏன்னு கேளுங்க," என்றார் லாபான், சந்தோஷமாக. "எங்க டீம்ல பெரிய ஓட்டக்காரி ஒருத்தி இருக்கா. அவளுக்கு முன்னாடி ஓடி, எதிர்க்காத்தைத் தாங்கிக்கிட்டு, இழுத்துட்டுப் போக ஒரு பொண்ணு வேணும். கோச் 'மெதுவா'ன்னு குரல் குடுத்த நிமிஷம் விலகி வழி விடணும். வேகமா ஓடற பொண்ணுங்க இந்த மலை முழுக்கக் கெடைப்பாங்க. ஆனா தங்கம் கண்ணு முன்னாடி நிக்கும்போது, ஒரு சொல்லுக்கு வேகத்தைக் குறைச்சா பாருங்க, அந்த மாதிரி ஒருத்தியைத்தான் இத்தனை வருஷமாத் தேடிட்டிருக்கேன்."

எழும்பியது நெஞ்சுக்குள்ளேயே கல்லாகி நின்றது.

சேற்றில் தோற்றபோதுகூட இப்படி வலிக்கவில்லை. எந்தக் கால்களை அவள் சபித்துக்கொண்டே வீடு வந்தாளோ, அந்தக் கால்களுக்குத்தான் இப்போது மாலை.

"சார், ஒண்ணு கேக்கணும்." குலவை அடங்கும்வரை காத்திருந்து கேட்டாள். "அங்கே வந்து, கோச் மெதுவான்னு கத்தி, நான் கேக்காம ஓடினா?"

"அடுத்த விமானத்துல இதே முற்றத்துக்கு வந்துருவே," என்றார் லாபான். சிரிப்பு மாறவில்லை. "நாளைக்குக் காலையில நைரோபி போறேன். அதுக்குள்ள சொல்லிடு. நீ மாட்டேன்னா அக்காவைக் கூட்டிட்டுப் போறேன். சொல்லிக் குடுத்ததைச் சொல்ற பொண்ணு. அதுவும் எங்களுக்கு உபயோகம்தான்."

காலணியைத் தேடிக்கொண்டு நடந்தார். அப்பா பின்னாலேயே ஓடினார். கூட்டம் கறித்தட்டுப் பக்கம் சாய்ந்தது.

ஜெசாங் வேலியோரம் போய் நின்றாள். சரி என்றால் அவள் காலத்துக்கும் அடுத்தவளுக்காக வேகத்தைக் குறைக்கவேண்டும். அக்காவுக்கு மரக்கடைக்காரன். மாட்டேன் என்றால் அக்கா விமானம் ஏறுவாள். அம்மா நினைத்தது நடந்துவிடும். எப்படித் திரும்பினாலும் யாரோ ஒருத்தர் அவளைக் கேட்காமலே ஜெயிக்கிறார்கள்.

பின்னால் அந்த மூச்சு. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

தெக்லா பக்கத்தில் வந்து நின்றாள். தங்கையின் சட்டைக் கையைத் தொட்டாள். கொடிமாலையைக் கழற்றியிருந்தாள், கழுத்தில் பச்சைக் கறை மட்டும் இருந்தது. மெல்ல, ஒரே ஒரு தடவை, அந்த வார்த்தையைச் சொன்னாள். இவர்கள் இருவரும் பால் பல் காலத்திலிருந்து சொல்லிவந்த வார்த்தையை, சொந்த மொழியில்.

மூன்று நாளாக ஜெசாங் அதற்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தாள். இப்போது அது காதில் விழுந்தபோது உடம்பெல்லாம் எரிந்தது.

"எதுக்கு இது?" என்றாள். "அன்னிக்கு மேட்டுல செஞ்சதுக்கா? இல்ல, நாளைக்குக் காலையில நான் மாட்டேன்னு சொல்லணுமே, அதுக்கா?"

தெக்லா சட்டைக் கையை விடவில்லை.